இழைப்புளியும் ஒரு கயிறும்: சியனாவின் ஒன்பதின்மர் அறை

அரசவை அறைகள் – 7 (வரலாற்றுத் தொடர்)

இழைப்புளியைத் தச்சுப் பட்டறையில் பார்த்திருப்போம். கரடுமுரடான பலகையின் மேல் தச்சர் அதை அழுத்தித் தள்ளத் தள்ள, சுருள் சுருளாகச் சீவல் உதிரும். மேடு குறைந்து பலகை சமமாகும். அந்தக் கருவியை ஓர் அரசவை அறையின் சுவரில், அமைதியாக அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் மடியில் வரைந்து வைத்தார் ஓர் ஓவியர். ஆண்டு 1339. இடம், இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் உள்ள சியனா நகரம்.

அந்தப் பெண்ணின் பெயர் ‘ஒற்றுமை’. மடியில் இழைப்புளி, கையில் ஒரு கயிறு. அந்தக் கயிறு எங்கிருந்து வருகிறது, யார் யார் கைகளைக் கடந்து எங்கே போய்ச் சேர்கிறது என்று பின்தொடர்ந்தால், அறுநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்து மக்கள் ‘ஆட்சி’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொண்டார்கள் என்பது விளங்கிவிடும். இந்த வாரம் அந்தக் கயிற்றின் வழியே போவோம்.

அரசன் இல்லாத அரண்மனை

இதுவரை இந்தத் தொடரில் நாம் பார்த்த அரண்மனைகளில் அரசர்கள் இருந்தார்கள். சியனாவின் ‘பலாஸோ புப்ளிகோ’வில் அரசர் யாரும் இல்லை. பொது மாளிகை என்பதுதான் அந்தப் பெயருக்கே பொருள். 1297 வாக்கில் தொடங்கிச் சில ஆண்டுகளில் எழுந்த செங்கல், கல் கட்டடம். அதன் முன்னே சிப்பி வடிவில் சரிந்து இறங்கும் பெரிய மைதானம், ‘காம்போ’. பக்கத்தில் வானத்தைத் தொடும் மான்ஜா கோபுரம். அந்த மைதானத்தைப் பார்த்து வீடு கட்டுகிறவர்கள், சன்னல்களை மாளிகையின் சன்னல்களைப் போலவே சிறு தூண்கள் வைத்து அமைக்க வேண்டும் என்று 1297-லேயே சட்டம் போட்ட நகரம் அது. ஊரின் அழகும் ஆட்சியாளர்களின் பொறுப்பு என்று நினைத்தார்கள்.

அந்த ஆட்சியாளர்கள் ‘ஒன்பதின்மர்’. 1287 முதல் 1355 வரை சியனாவை ஆண்டவர்கள். ஒன்பது பேர் கொண்ட ஒரு குழு இரண்டு மாதம் பதவியில் இருக்கும்; பிறகு வேறு ஒன்பது பேர் வருவார்கள். அந்த இரண்டு மாதமும் அவர்களுக்கு உணவும் உறக்கமும் மாளிகைக்குள்ளேயேதான். வீட்டுக்குப் போய்வர முடியாது. திருவிழா போன்ற நாட்களில் மட்டும் ஒன்றாக வெளியே வருவார்கள். உறவினரும் நண்பரும் காதில் ஓதி முடிவுகளை வளைத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை. பதவி முடிந்தவர் மறுபடி உடனே வர முடியாதபடி இடைவெளி விதிக்கப்பட்டிருந்தது. நீதி வழங்கவும் காவலை நடத்தவும் ‘பொதெஸ்தா’ என்ற அதிகாரியை வெளியூரிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குச் சம்பளம் கொடுத்து வரவழைத்தார்கள். உள்ளூர்க்காரர் என்றால் ஏதாவது ஒரு குடும்பத்தின் பக்கம் சாய்ந்துவிடுவார் என்பது காரணம்.

1309-10-ல் இன்னொரு காரியமும் நடந்தது. லத்தீன் மொழியில் இருந்த நகரச் சட்டத் தொகுப்பு மக்கள் பேசும் மொழிக்கு மாற்றப்பட்டது. லத்தீன் தெரியாதவர்களும் ஏழைகளும் வந்து படித்துக்கொள்ள வேண்டும். அதனால் எழுத்து பெரிதாக, தெளிவாக இருக்க வேண்டும் என்று உத்தரவிலேயே சொல்லியிருந்தார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒன்பதின்மரில் ஒருவராக எல்லோரும் வந்துவிட முடியாது. பழைய பிரபுக் குடும்பங்களுக்குத் தடை. நீதிபதிகளுக்கும் பத்திரம் எழுதும் நோட்டரிகளுக்கும் தடை. கைத்தொழில் செய்யும் எளிய மக்களுக்கும் அங்கே இடமில்லை. நடுவில் இருந்த வணிகர்கள், வட்டிக்கடை முதலாளிகள் கையில்தான் அதிகாரம் சுழன்றது. 1318-ல் இறைச்சிக் கடைக்காரர்களும் நோட்டரிகளும் சேர்ந்து ஒன்பதின்மருக்கு எதிராகக் கலகம் செய்ததற்கும் இதுவே காரணம். ஆகவே அவர்களுக்கு ஓர் அச்சம் எப்போதும் இருந்தது. அந்த அச்சமும் அவர்களுடைய நல்ல நோக்கமும் சேர்ந்துதான் இந்த ஓவியத்தைக் கேட்டு வாங்கின.

ஈரம் காய்வதற்குள்

அவர்கள் கூடிப் பேசிய அறை அப்படியொன்றும் பிரம்மாண்டமானது அல்ல. நீளம் சுமார் 14 மீட்டர், அகலம் எட்டு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. தெற்குச் சுவரில் மட்டும் சன்னல். மற்ற மூன்று சுவர்களையும் 1338 பிப்ரவரியில் உள்ளூர் ஓவியர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் அம்ப்ரோஜோ லோரென்செட்டி. அண்ணன் பியெத்ரோவும் பெயர் பெற்ற ஓவியர். 1339 மே வரை அம்ப்ரோஜோவுக்குப் பணம் கொடுத்த கணக்கு இருக்கிறது.

வேலை ஃபிரெஸ்கோ முறையில் நடந்தது. முதலில் சுவரில் கரடான சுண்ணாம்புக் காரை. அதன் மேல், அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அந்த அளவுக்கு மட்டும் வழவழப்பான ஈரச் சுண்ணாம்புப் பூச்சு. அந்த ஈரம் காய்வதற்குள் தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டிவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் தன்னோடு இறுக்கிக்கொள்ளும். பிறகு தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகாது. தவறு செய்தால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். ஒரு நாள் வேலை எங்கே முடிந்தது, அடுத்த நாள் எங்கே தொடங்கியது என்ற விளிம்பைச் சுவரோடு கண் வைத்துப் பார்த்தால் இன்றைக்கும் காணலாம்.

வடக்குச் சுவர்: கயிறு

வடக்குச் சுவரின் இடப்பக்கம் நீதி அரியணையில் அமர்ந்திருக்கிறாள். கண்கள் மேலே. அங்கே கையில் நூலோடு ஞானம் மிதக்கிறாள். தராசின் மேல்முனை அவள் பிடியில் இருக்கிறது. நீதி தராசுத் தட்டுகளைத் தாங்குகிறாள், அவ்வளவுதான். தராசு அவளுடையது அல்ல, ஞானத்தினுடையது. இரண்டு தட்டுகளிலும் இரண்டு தேவதூதர்கள். ஒருவர் குற்றவாளியின் தலையை வெட்டித் தகுதி உடையவருக்கு முடி சூட்டுகிறார். இன்னொருவர் மனிதர்களுக்குள் கொடுக்கல் வாங்கலை நேராக்குகிறார். நீதியின் தலையைச் சுற்றி எழுதியிருப்பது விவிலிய ஞான நூலின் தொடக்கம். மண்ணை ஆள்வோர் நீதியை நேசிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அடுத்த கூடத்தில் சீமோனே மார்த்தீனி 1315-ல் தீட்டிய மாதாவின் மடியில் இருக்கும் குழந்தை இயேசுவின் கையிலும் அதே வாசகம்தான். ஒன்பதின்மர் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் போனாலும் அந்த வாசகம் கூடவே வந்தது.

தட்டுகளிலிருந்து இரண்டு இழைகள் கீழே இறங்குகின்றன. நீதிக்குக் கீழே அமர்ந்திருக்கும் ஒற்றுமை அவற்றை வாங்கி ஒரே கயிறாகச் சேர்க்கிறாள். இத்தாலியர் காதில் இதற்கு இன்னொரு சுவையும் உண்டு. ஒற்றுமைக்கு அவர்கள் சொல் ‘கொன்கோர்தியா’, கயிற்றுக்கு ‘கோர்தா’. ஒரு சொல்லின் வயிற்றில் மற்றொன்று இருக்கிறது.

ஒற்றுமை அந்தக் கயிற்றைப் பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுக்கிறாள். அவர் அடுத்தவரிடம். அவர் அதற்கடுத்தவரிடம். இருபத்து நான்கு குடிமக்கள் இரண்டிரண்டு பேராக நடக்கிறார்கள். உடைகள் வேறு வேறு. முகங்கள் வேறு வேறு. சிலர் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ பேசிக்கொண்டே போகிறார்கள். ஆனால் தலைகள் எல்லாம் ஒரே உயரம். அங்கேதான் இழைப்புளி தன் வேலையைச் செய்திருக்கிறது. ஒன்பதின்மருக்கு முன் 1236 முதல் 1270 வரை ஊரை ஆண்டவர்கள் ‘இருபத்து நால்வர்’. அந்த எண்ணிக்கையை அன்று பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டிருப்பார்கள்.

கயிறு போய்ச் சேரும் இடம், வெண்தாடியோடு உயர அமர்ந்திருக்கும் ஒரு முதியவரின் கை. செங்கோல் ஏந்திய கை. அவர் அரசர் அல்லர். உடை கறுப்பும் வெள்ளையும்; அது சியனாவின் கொடி நிறம். காலடியில் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் பெண் ஓநாய். அது சியனாவின் பிறப்புக் கதை. நகரமே ஓர் ஆளாக, பொதுநலனே ஓர் உருவாக அமர்ந்திருக்கிறது. செங்கோல் என்ற சொல்லுக்கு நம் மொழியில் வளையாத கோல் என்று பொருள். இங்கே அது வளையாமல் இருப்பதற்குக் காரணம் பிடித்திருப்பவரின் குணம் மட்டுமல்ல. தராசிலிருந்து மக்கள் கை வழியாக வந்து சேரும் கயிறும் அதைப் பிடித்திருக்கிறது.

முதியவரின் இருபுறமும் ஆறு பெண்கள்: அமைதி, துணிவு, விவேகம், பெருந்தன்மை, நிதானம், நீதி. நிதானத்தின் கையில் மணற்கடிகாரம். ஓவியத்தில் மணற்கடிகாரம் இடம்பெற்ற மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று. ஆனால் எல்லோர் கண்ணும் போய் நிற்பது அமைதியிடம். மற்றவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் மெல்லிய வெள்ளாடையில், கையில் ஒலிவக் கிளையோடு, தலையணையில் சாய்ந்திருக்கிறாள். அந்தத் தலையணையின் அடியில் போர்க்கவசம். காலடியில் கேடயம். ஆயுதம் இல்லாத ஊர் என்று ஓவியர் சொல்லவில்லை. ஆயுதத்தின் மேல் தலையணை போட்டுச் சாய்ந்திருக்கும் ஊர் என்கிறார். இவளாலேயே இந்த அறைக்கு ‘அமைதியின் கூடம்’ என்ற பெயரும் வந்தது.

கிழக்குச் சுவர்: செருப்புத் தைப்பவரும் கறுப்புப் பன்றியும்

நல்லாட்சி நடந்தால் என்ன கிடைக்கும்? கிழக்குச் சுவரில் பதில் இருக்கிறது. சொர்க்கத்தை வரையவில்லை, சியனாவை வரைந்திருக்கிறார். இடது மேல் மூலையில் தேவாலயத்தின் குவிமாடமும் வரிவரியான மணிக்கோபுரமும் எட்டிப் பார்க்கின்றன. கடையில் செருப்புகள் தொங்குகின்றன. ஆசிரியர் மாணவர்களுக்குப் பாடம் சொல்கிறார். சாரத்தில் ஏறிக் கொத்தர்கள் சுவர் எழுப்புகிறார்கள். மணப்பெண் குதிரையில் ஊர்வலமாகப் போகிறாள். பொதி சுமந்த விலங்குகள் தெருவுக்குள் வருகின்றன.

நடுத்தெருவில் ஒன்பது பேர் கைகோத்து ஆடுகிறார்கள். ஒருவர் கஞ்சிரா போன்ற வாத்தியத்தைத் தட்டிப் பாடுகிறார். கோத்த கைகளின் கீழே குனிந்து நுழைந்து அடுத்தவர் பின் செல்லும் ஆட்டம் அது. உண்மையில் தெருவில் ஆடுவது அன்றைய சியனாவில் சட்டப்படி தடை. ஆகவே இது ஏதோ ஒரு மாலைநேரக் காட்சி அல்ல. வடக்குச் சுவரில் கயிறாக இருந்தது, இங்கே கோத்த கைகளாக மாறியிருக்கிறது.

நகர வாயிலைத் தாண்டினால் நாட்டுப்புறம். பண்டைக் காலத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் இவ்வளவு விரிவாக வயலையும் மலையையும் தீட்டிய ஓவியம் இதற்கு முன் இல்லை என்றே சொல்லலாம். பணக்காரர்கள் வேட்டைப் பருந்தோடு குதிரையில் கீழே இறங்குகிறார்கள். அதே பாதையில் எதிரே ஒரு விவசாயி பன்றியை ஓட்டிக்கொண்டு மேலே வருகிறார். உடல் முழுக்கக் கறுப்பு, தோளைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை. அந்த இனம் ‘சிந்தா செனேசே’ என்ற பெயரில் இன்றும் டஸ்கனியில் வளர்க்கப்படுகிறது. கண்ணால் பார்க்காததை வரையாத கலைஞர் என்பதற்கு இந்தப் பன்றி ஒன்றே போதும். கதிர் அடிக்கும் களம் தெரிகிறது. வெகுதொலைவில், கடல் இல்லாத சியனா 1303-ல் விலை கொடுத்து வாங்கிய தலமோனே துறைமுகமும் தெரிகிறது.

வாயிலுக்கு மேலே ‘பாதுகாப்பு’ பறந்து வருகிறாள். ஒரு கையில் ஓலைச்சுருள். நீதியின் ஆட்சி இருக்கும் வரை வழிப்போக்கர் பயமின்றி நடக்கலாம், உழவர் விதைக்கலாம் என்ற உறுதி அதில் இருக்கிறது. மறு கையில் தூக்குமரம். அதில் ஒரு மனிதன் தொங்குகிறான். வடக்குச் சுவரின் வலது கீழ்ப்பகுதியிலும் கயிற்றால் கட்டப்பட்ட கைதிகள் நிற்கிறார்கள். தங்கள் அமைதிக்கு என்ன விலை என்பதை ஒன்பதின்மர் மறைக்கச் சொல்லவில்லை.

மேற்குச் சுவர்: அதே கயிறு

திரும்பி நின்றால் மேற்குச் சுவர். காலம் இதைத்தான் அதிகம் தின்றிருக்கிறது; பல இடங்களில் வண்ணம் உதிர்ந்து வெறும் சுவர் தெரிகிறது. மிஞ்சியதே நெஞ்சை உலுக்கப் போதும்.

நடுவில் கொடுங்கோல். கொம்பும் கோரைப்பல்லும் உடைய உருவம், காலடியில் ஆடு. தலைக்கு மேல் பேராசை, ஆணவம், வீண்பெருமை. இருபுறமும் கொடூரம், துரோகம், வஞ்சகம், வெறி, பிரிவினை, போர். துரோகத்தின் மடியில் இருக்கும் பிராணிக்கு முன்பாதி ஆட்டுக்குட்டி. வால் மட்டும் தேளின் கொடுக்கு. ஆனால் நாம் நின்று பார்க்க வேண்டியவள் பிரிவினை. அவள் உடையும் கறுப்பு வெள்ளைதான். சியனாவின் அதே நிறம். ஒரு பாதியில் ‘ஆம்’, மறு பாதியில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. கையில் ஒரு ரம்பம். அறுப்பது மரத்தை அல்ல, தன் உடலையே.

தச்சரின் ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு கருவிகள் இவை. வடக்குச் சுவரில் இழைப்புளி, மேற்குச் சுவரில் ரம்பம். ஒன்று மேடு பள்ளத்தைச் சமமாக்கும். மற்றது இரண்டாக்கும்.

நீதி எங்கே? கொடுங்கோலின் காலடியில், தரையில் கிடக்கிறாள். கூந்தல் அவிழ்ந்திருக்கிறது. தராசு உடைந்திருக்கிறது. அவளைக் கட்டியிருப்பது கயிறு. எந்தத் தராசிலிருந்து கயிறு இறங்கி வந்ததோ, அந்தத் தராசின் தட்டுகளைத் தாங்கியவளையே இங்கே கயிறு கட்டிப் போட்டிருக்கிறது.

அந்த ஊரில் மும்முரமாக நடக்கும் தொழில் ஆயுதம் செய்வதுதான். வீடுகள் இடிகின்றன, தெருவில் படைவீரர்கள் பெண்ணை இழுத்துப் போகிறார்கள், வயல்கள் தரிசாகக் கிடக்கின்றன. வாயிலுக்கு மேல் பறப்பவள் பாதுகாப்பு அல்ல. கந்தல் உடுத்திய ‘அச்சம்’, கையில் வாளோடு.

இதை யார் முன்னால் வரைந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தன் வெற்றியையும் குலப்பெருமையையும் சுவரில் தீட்டச் சொன்ன அரசர்கள் உலகெங்கும் உண்டு. தாங்கள் தவறினால் ஊர் எப்படி ஆகும் என்பதைத் தாங்கள் உட்கார்ந்து முடிவெடுக்கும் அறையிலேயே, தங்கள் செலவிலேயே தீட்டச் சொன்னவர்கள் அரிது. வரி போடுவதா, போருக்குப் போவதா, யாருக்குத் தண்டனை என்று ஒன்பது பேர் விவாதித்தபோது, நிமிர்ந்து பார்த்த ஒவ்வொரு முறையும் ரம்பமும் இழைப்புளியும் அவர்கள் கண்ணில் பட்டன.

ஒன்பது ஆண்டுகள்

ஓவியம் முடிந்த அதே 1339-ல், தங்கள் தேவாலயத்தை மிகப் பெரிதாக விரிவாக்க முடிவு செய்தது சியனா. நம்பிக்கை அந்த உயரத்தில் இருந்தது. சில ஆண்டுகளில் நிலத்தடிக் கால்வாய் வழியே காம்போ மைதானத்துக்கே நீர் வந்து சேர்ந்தது.

ஒன்பதே ஆண்டுகளில் எல்லாம் கலைந்தது. 1348-ல் கொள்ளைநோய் வந்தது. ஊரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அன்யோலோ தி தூரா என்ற சியனாக்காரர், தன் ஐந்து பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்ததாகத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆண்டு ஜூன் மாதம் அம்ப்ரோஜோ உயில் எழுதினார். அதன்பின் அவரைப் பற்றிய தடயம் இல்லை; அண்ணன் பியெத்ரோவைப் பற்றியும் இல்லை. இருவரையும் அந்த நோயே கொண்டுபோயிருக்க வேண்டும். விரிவாக்கத் தொடங்கிய தேவாலயம் நின்றுபோனது. முடியாத அந்த மாபெரும் முகப்புச் சுவர் இன்றும் வானத்தைப் பார்த்துத் தனியே நிற்கிறது.

ஒன்பதின்மர் இன்னும் ஏழு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள். 1355 மார்ச் மாதம், புனித ரோமப் பேரரசராக முடிசூட ரோம் செல்லும் வழியில் நான்காம் கார்ல் சியனாவுக்கு வந்தபோது, ஒதுக்கப்பட்ட பிரபுக்களும் ஒதுக்கப்பட்ட எளியவர்களும் சேர்ந்து எழுந்தார்கள். ஒன்பதின்மர் துரத்தப்பட்டார்கள். சுவரில் இருபத்து நான்கு பேர் கையில் கொடுத்த கயிற்றை, வெளியே தெருவில் எத்தனை பேர் கையில் கொடுக்காமல் விட்டார்கள் என்பதற்கு ஊர் சொன்ன பதில் அது. 1555-ல் சியனா தன் சுதந்திரத்தையும் இழந்து, பிறகு ஃபுளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்திடம் போனது.

‘சுவர் இருந்தால்தான் சித்திரம்’ என்போம். இந்த அறையில் சித்திரம் சுவரைக் காக்கும் என்று நம்பினார்கள். ஆட்சியை அது காக்கவில்லை. ஆனால் அதன் வேலை அங்கே முடியவில்லை.

1427-ல் துறவி பெர்னார்தீனோ சியனாவுக்கு வந்து, மாளிகைக்கு எதிரே காம்போ மைதானத்தில் பல நாள் உபதேசம் செய்தார். ஊர் மறுபடி கட்சி கட்சியாகப் பிரிந்து கிடந்த காலம். கூட்டத்தைப் பார்த்து அவர் இந்த ஓவியத்தை நினைவூட்டினார். மாளிகையில் தீட்டியிருக்கும் அமைதியைப் பார்ப்பதே மகிழ்ச்சி, மறுபக்கம் தீட்டியிருக்கும் போரைப் பார்ப்பதோ இருள் என்றார். ‘நல்லாட்சி, கெட்ட ஆட்சி’ என்ற பெயர் பிற்காலத்தவர் சூட்டியது. அன்றைய மக்களுக்கு அது போரும் அமைதியும்.

வரைந்தவர் இறந்து எழுபத்தொன்பது ஆண்டு, வரையச் சொன்னவர்கள் வீழ்ந்து எழுபத்திரண்டு ஆண்டு கழித்து, பூட்டிய அறைக்குள் ஒன்பது பேருக்காகத் தீட்டிய சுவரை, திறந்த மைதானத்தில் ஓர் ஊரே மனக்கண்ணில் பார்த்தது. கயிறு அப்போதுதான் உரியவர் கைக்கு வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று அந்த வடக்குச் சுவரின் முன் நிற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இருபத்து நான்கு பேரில் ஒருவரையும் கயிறு கட்டியிருக்கவில்லை. எல்லோரும் அதைக் கையில் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவே. யார் வேண்டுமானாலும் எந்த நொடியிலும் விட்டுவிடலாம். 1339-லிருந்து இன்றுவரை அவர்கள் விடவில்லை.

அடுத்த வாரம்: வெனிஸ் நகர அரண்மனையின் பெருமன்றக் கூடம். வரிசையாக ஆட்சித் தலைவர்களின் முகங்கள். நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் முகத்துக்குப் பதில் கறுப்புத் துணி. ஏன்?

(தொடரும்)